முகப்பில் எரியும் அறுபத்தாறு

மெகாஹெர்ட்ஸ் மனிதர் என்று ஓர் இனம் உண்டு. வீட்டுக்கு வீடு கம்ப்யூட்டர் நுழைந்த காலத்தில் பெருகியது; இன்றும் அழிந்துவிடவில்லை. அடையாளம் சுலபம். கம்ப்யூட்டரில் என்ன செய்கிறீர்கள் என்று கேளுங்கள், விழிப்பார். எத்தனை மெகாஹெர்ட்ஸ் என்று கேளுங்கள், அன்றைக்கு நீங்கள் பஸ்ஸைப் பிடித்தாற்போலத்தான்.

நமக்குத் தெரிந்த ஒருவருக்கு அலுவலகத்தில் பெயரே 'மெகா'. முப்பத்துமூன்று மெகாஹெர்ட்ஸ் பெட்டி ஒன்று வாங்கி, அதன் முகப்பில் சிவப்பாக எரியும் எண்ணைத் துடைத்துத் துடைத்து, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டி நிம்மதியாக இருந்தார். மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், நாற்பது வாங்கினார். போச்சு! மெகாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அந்த எண் வேகத்தை அளந்து காட்டுவதில்லை. பெட்டிக்குள் இருக்கும் குட்டிச் செருகிகளை எப்படி மாட்டுகிறோமோ அதற்கேற்ற எண் எரியும். வேகத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இது அவருக்குத் தெரியாதா? தெரிந்துதான், மச்சான் மாலையில் வருவதாகச் சொல்லியிருந்த சனிக்கிழமை காலை, திருப்புளியோடு உட்கார்ந்தார்.

அவர் மனைவி மொழிபெயர்ப்பாளர். கடைசி மூன்று பக்கம் பாக்கி. நாலு மணிக்குள் பதிப்பகத்தில் கொடுக்காவிட்டால் அடுத்த புத்தகம் வேறு ஆளுக்குப் போய்விடும்.

"என்னங்க, நான் டைப் பண்ணணும்."

"அஞ்சே நிமிஷம்மா."

அந்த ஐந்து நிமிடம் இரண்டு மணி நேரம் நடந்தது. கடைசியில் அறுபத்தாறு எரிந்தது. "பாத்தியா, இப்பவே வேகம் தெரியுது!" என்றார், தன் கையாலேயே மாட்டிய எண்ணைப் பார்த்து. திரைதான் இருட்டாகவே இருந்தது. ஏதோ ஒரு ஒயரை மாட்ட மறந்திருந்தார்.

அந்த அம்மாள் சண்டை போடவில்லை. மொழிபெயர்ப்பு இருந்த ஃப்ளாப்பியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு நடந்தார். அங்கே அடித்து, அச்செடுத்து, மூச்சிரைக்க ஓடி, நாலுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கொடுத்தார்.

திரும்பியதும் மெகா கேட்ட முதல் கேள்வி: "உங்கண்ணன் மிஷின் கொஞ்சம் மெதுவாத்தானே இருந்துச்சு?"

"நாற்பது ஓடுச்சுங்க. உங்க அறுபத்தாறு இன்னும் எந்திரிக்கவே இல்லை." அந்த அம்மாள் கைப்பையை மாட்டிவிட்டுத் திரும்பினார். "வேலை முடிஞ்சுதான்னு ஒரு வார்த்தை கேக்கத் தோணலையே உங்களுக்கு."

சிரிக்கிறீர்கள். நல்லது. உங்கள் கைபேசியின் எண்களெல்லாம் உங்களுக்குத் தலைகீழ்ப் பாடமாமே? அதை வாங்கிய வாரம் வீட்டில் யார் எதற்காகக் காத்திருந்தார்கள்? நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம். உங்கள் வீட்டிலேயே விசாரித்துக்கொள்கிறேன்.