சுறா மாமு போட்ட துண்டு

இதை எழுதாமலே விட்டிருப்பேன். எட்டாம் வகுப்பைப் பார்த்துப் பயந்து ஓடிவந்தவனுக்குப் பேனா எதற்கு? ஆனால் போன வாரம் சினிமாக் கொட்டகையில் நடந்தது தூங்கவிடவில்லை.

ராயபுரத்துக்காரனையே மூக்கைப் பொத்தவைத்த மனிதர் உலகத்தில் ஒருவர்தான்: சுறா மாமு. மீன் வாடையிலேயே பிறந்து வளர்ந்த நாங்களே அவர் வந்தால் எழுந்து ஓடுவோம். கடலோரத்தில் சுறா ஈரலைப் பீப்பாயில் காய்ச்சி எண்ணெய் எடுப்பது அவர் தொழில். படத்துக்கு வருமுன் ஒரு கட்டி சிவப்பு சோப்பைக் கரைத்துவிட்டு, அதன்மேல் அத்தரும் பூசுவார். சுறாவுக்குக் கல்யாணம் நடப்பதுபோல இருக்கும்.

அவர் உட்கார்ந்ததும் பெஞ்சே காலி. அப்படியும் தோள் துண்டை உதறி, பக்கத்தில் போட்டு இடம் பிடிப்பார்! நான் விடுவேனா?

"இன்னா மாமு, பெஞ்சே உன்னுதா கீது. துண்டு எதுக்கு? யாரு வரப்போறா?"

"வந்தா குந்த எடம் வோணும்ல, நைனா."

எப்போது கேட்டாலும் அதே பதில்.

அப்போதுதான் அந்தப் பொம்மைப் படம் வந்தது. பெரிய படத்துக்கு முன்னால் ஓட்டுவார்களே, அது. ஒரு நாய், கறுப்பு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட ஒரு ஜந்து. கீரி என்றான் ஒருவன், மரநாய் என்றான் இன்னொருவன். ஸ்கங்க் என்றார் ஆபரேட்டர். அது வாலைத் தூக்கினால் நாற்றத்தில் மரமே வாடுகிறது, ஊரே ஓடுகிறது.

"டேய், நம்ம மாமு படத்துல வந்துட்டாருடா!" என்று என் தோஸ்து காசிம் கத்தினான். கொட்டகையே சிரித்தது. மாமு மட்டும் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். துரத்தித் துரத்தி ஓய்ந்த நாய், கடைசியில் அந்த ஜந்துவின் பக்கத்திலேயே உட்கார்ந்து தூங்கிப்போனது.

மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும். பெரிய படம் ஆரம்பித்ததும் எழுந்துவிடுவார்.

"பாட்டுகூட பாக்காம எங்க ஓடுறே, மாமு?"

"அந்த நாயி இன்னிக்கும் குந்திச்சு, பாத்தியா?"

"அது படம் மாமு. தெனமும் குந்தும்."

"தெனமும் குந்துதே, நைனா!"

வெள்ளிக்கிழமை படம் மாறியது. நாய் இருந்த இடத்தில் ஒரு வாத்து. மாமு ஆபரேட்டர் அறைக்குள்ளேயே நுழைந்துவிட்டார். ஆபரேட்டர் ஜன்னல் பக்கம் ஒதுங்கி, தலையை வெளியே நீட்டிக்கொண்டே, "படப்பொட்டி வேற ஊருக்குப் பூட்ச்சு, மாமு" என்றார்.

"எப்ப திரும்பும்?" வெளியூர் போன பிள்ளையை விசாரிக்கிற குரல் அது.

அதன்பின் ஒவ்வொரு வெள்ளியும் வந்து துண்டைப் போடுவார். நாய் வராவிட்டால் துண்டை எடுத்துக்கொண்டு போவார். ஒருநாள், எண்ணெய் காய்ச்சுகிற இடத்தை எண்ணூருக்கு அப்பால் மாற்றினார்கள். மாமுவும் போய்விட்டார். எங்கள் பெஞ்சில் ஆட்கள் நெருக்கியடித்து உட்கார ஆரம்பித்தார்கள்.

போன வாரம் அந்த நாய் திரும்பி வந்தது. எங்கெல்லாம் சுற்றியதோ, படம் முழுக்கக் கீறல். என் பக்கத்தில் ஓர் ஆள் இடம் காலியாக இருந்தது. என் துண்டு எப்படி அங்கே போனது என்று எனக்கே தெரியாது. தாமதமாக வந்த ஒருவர் குனிந்து, "ஆளு வருதா, தம்பி?" என்றார்.

நான் காசிமைப் பார்த்தேன். "எடுத்துரவாடா?"

அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான்:

"கெடக்கட்டும்டா, வந்தா குந்த எடம் வோணும்ல."