தயாளன் விழித்திருந்ததற்கு அத்தாட்சி

“இருபத்திரண்டு வருஷமா லோரி ஓட்டுறேன். ஒரு பூனைமேல ஏத்தினதில்ல. நேத்து வந்த சோப்பு டப்பா சைஸ் கேமரா, நான் தூங்குறேன்னு ஆபீஸ்ல போட்டுக்கொடுக்குது. வண்டிக்குள்ள மூக்கைச் சொறியக்கூட எனக்கு உரிமை இல்லையா?”

இது என் கணவர் தயாளன் சொன்னது. ஒரு சொல்லும் நான் கூட்டவில்லை, மூக்கு உட்பட.

“இருபத்திரண்டு வருஷமா நானும் உங்க முகத்தைப் பார்க்கிறேன். எனக்கும் அப்படித்தான் தெரியுது,” என்றேன்.

சட்டைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து ரசக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டாவது எச்சரிக்கைக் கடிதம். மூன்றாவது வந்தால் லோரிச் சாவியை வாங்கிக்கொண்டு பிறை ஊரிலுள்ள யார்டில் கன்டெய்னர் கழுவப் போட்டுவிடுவார்கள். ஐம்பத்து மூன்று வயதில், முதுகு வலியோடு, கையில் பிரஷ்ஷோடு.

கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது. எங்கள் வீட்டில் ஆங்கிலத்தில் வரும் கஷ்டமெல்லாம் என் இலாகா. படித்தேன். “தாங்கள் செவ்வாய்க்கிழமை முற்பகல் பினாங்குப் பாலத்தின் மீது வாகனம் செலுத்துகையில், நாற்பத்தொரு நுண்துயில் நிகழ்வுகளில் ஈடுபட்டமை ஐயத்திற்கிடமின்றி நிறுவப்பட்டுள்ளது.” தலை ஒரு நொடி சாய்ந்து நிமிர்ந்தாலும், கண் ஒரு நொடி மூடித் திறந்தாலும் அதற்கு நுண்துயில் என்று பெயராம். ஒரு பாலத்துக்குள் நாற்பத்தொரு தடவை தூங்கி, நாற்பத்தொரு தடவை எழுந்து, லோரியையும் நேராக ஓட்டிய மனிதனைத் தண்டிப்பார்களா? சர்க்கஸில் அல்லவா சேர்ப்பார்கள்!

“பாலத்து மேல என்னதான் பண்ணுனீங்க?”

“ஒண்ணும் பண்ணலலா. ஆபீஸ்ல இருந்து போன். ஸ்பீக்கர்ல போட்டேன். ‘தயாளன், பாயான் லெப்பாஸ் சரக்கை முதல்ல இறக்கு’ன்னாங்க. சரின்னேன்.”

எப்படிச் ‘சரி’ என்றார் என்பதையும் செய்து காட்டினார். தலை வலப்பக்கம் போனது, இடப்பக்கம் வந்தது, மறுபடி வலப்பக்கம் போய் நின்றது. எனக்கு விளங்கிவிட்டது.

நம் ஆட்கள் போனில் பேசினாலும் தலையாட்டுவோம். எதிரே ஆள் இல்லை என்பது நமக்கு ஒரு பொருட்டே இல்லை. அந்தக் கேமராவைச் செய்தவர்கள் வாயால் மட்டும் ஆமாம் சொல்லும் ஜாதி போலிருக்கிறது. இவர் தலையாட்டியதும், டிரைவர் தூங்குகிறார் என்று ஆபீசுக்குச் செய்தி போனது. ஆபீஸ் பதறிப்போய் இவரைக் கூப்பிட்டது. “தயாளன், முழிச்சிருக்கியா?” “முழிச்சிருக்கேன் பாஸ்,” என்று இவர் தலையாட்டினார். மறுபடி செய்தி. மறுபடி போன். “உண்மையாவா?” “சத்தியமா பாஸ்!” சத்தியத்துக்கு நம் தலை சும்மா இருக்குமா? அக்கரையிலிருந்து தீவு போய்ச் சேர்வதற்குள் ஏழு தடவை அவரை எழுப்பியிருக்கிறார்கள். எழுப்ப எழுப்பத் தூங்கியிருக்கிறார்.

நான் இரண்டு பக்கத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். செமிகோலன் உட்பட எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. கான்வென்ட் படிப்பு வேறு எதற்குத்தான் பயன்படுகிறது? மூன்றாம் நாள் கம்பெனியிலிருந்து நேரில் வரச் சொன்னார்கள்.

பாதுகாப்பு மற்றும் நல்வாழ்வு மேலாளர் மிஸ்டர் கார்த்திகேசு. நம் ஆள்தான். மேசைமேல் மாதிரிக்காக ஒரு கேமரா வைத்திருந்தார், சாமி படத்துக்குச் சற்று முன்னால்.

“உங்க கடிதம் ரொம்ப நல்லா இருந்துச்சு மேடம். ஆனா மெஷின் தப்பு பண்ணாது,” என்று தலையாட்டினார்.

கேமரா ‘பீப்’ என்றது. ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில் ஏதோ குழைந்தது.

“என்ன சொல்லுது?” என்றேன், காதில் விழாததுபோல.

“நான் களைச்சுப் போயிருக்கேனாம்.”

“அப்படியா? களைப்பா?”

“சேச்சே, இல்லையே,” என்று தலையை ஆட்டினார். பீப்.

கேமராவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சற்று யோசித்தார். “இருக்கலாம் மேடம். நேத்து மகனோட பந்து ஆட்டம் பார்த்துட்டு லேட்டாத்தான் படுத்தேன்.” பீப். இழுப்பறையைத் திறந்து அரைநாள் விடுப்புப் பாரத்தை எடுத்து, நிரப்பி, தானே கையெழுத்திட்டுத் தானே அங்கீகரித்தார். நான் பல பக்தர்களைத் தண்ணீர்மலை முருகன் கோயிலில் பார்த்திருக்கிறேன். இப்படி ஒரு பக்தியைப் பார்த்ததில்லை.

விடுப்பில் கிளம்புவதற்குமுன் தீர்ப்பும் சொன்னார். “மெஷின் சரி. அப்படின்னா தயாளன் வண்டியில தூங்குறார். ஏன் தூங்குறார்? வீட்ல சரியாத் தூங்கலை.”

“வீட்ல மரக்கட்டையாத் தூங்குறார். நானே சாட்சி.”

“மனைவி சாட்சி செல்லாது மேடம். பதிவு வேணும். வீட்ல ஒரு கேமரா மாட்டிடலாம். ஒரு மாசம் நல்லாத் தூங்குறார்னு தெரிஞ்சா, ரெண்டு எச்சரிக்கையையும் ரத்து பண்ணிடறேன்.”

“எங்க மாட்டுவீங்க? படுக்கையறையிலயா?”

மிஸ்டர் கார்த்திகேசு காதைப் பொத்திக்கொள்ளாத குறை. “ஐயையோ! அது பிரைவசி மேடம். கம்பெனி அதை ரொம்ப மதிக்குது. ஹால்ல மாட்டுவோம். அவரை ஹால்ல வந்து தூங்கச் சொல்லுங்க.”

இதற்கு இல்ல ஓய்வு உறுதிப்பாட்டுத் திட்டம் என்று பெயர். கையெழுத்துப் போட்டேன். எனக்குக் கன்டெய்னரும் பிரஷ்ஷும்தான் கண்ணில் நின்றன.

தயாளனுக்கு விடியற்காலை நாலு மணிக்கு வேலை. அதனால் பிற்பகல் இரண்டிலிருந்து ஆறுவரை ஓய்வு நேரம். அந்த நேரத்தில் அவர் சோபாவில் அசையாமல் படுத்திருக்க வேண்டும். அசைந்தால் புள்ளி குறையும். ஹாலில் யாராவது பேசினாலும் குறையும். குக்கர் விசில் ஒன்றுக்கு இரண்டு புள்ளி.

எனக்கும் ஒரு பதவி கொடுத்தார்கள்: இல்லப் பாதுகாப்புப் பங்காளி. என் கைப்பேசியில் ஒரு செயலியை ஏற்றி, லோரிக்குள் கணவர் என்ன செய்கிறார் என்று நானும் பார்க்கலாம் என்றார்கள். சத்தம் வராது, படம் மட்டும். முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு பார்த்தேன். பார்த்துக்கொண்டே இருந்தேன். கீரை கருகியது.

காஜா மொய்தீன் அதே கம்பெனி டிரைவர். அவர் மனைவி சுஹானா என்னைக் கூப்பிட்டாள்.

“அக்கா, இந்த அநியாயத்தைக் கேளுங்க! வண்டியில போறப்ப எங்க வீட்டுக்காரர் வாய்க்குள்ள திக்ரு ஓதுவாரு. உதடு அசையுதா, சாப்பிடுறாருன்னு எழுதிட்டாங்க! நோன்பு வச்சிருக்கிற மனுஷன், நேத்து மட்டும் பதினேழு தடவை சாப்பிட்டாராம்!”

“அப்ப செயலியைத் தூக்கிப் போட்டுடு.”

“அது எப்படிக்கா? தினம் மார்க்கு வருதே. அவருக்கு எழுபத்தாறு. உங்களுக்கு எவ்வளவு?”

“எண்பத்தொண்ணு,” என்றேன். குரலில் கொஞ்சம் பெருமை இருந்ததை மறைக்கவில்லை.

ஒரே வாரத்தில் டிரைவர் மனைவிகளின் வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கப் பூக்கள் நின்று, மார்க்குகள் வரத் தொடங்கின. பிள்ளைகளின் எஸ்.பி.எம். பரீட்சை முடிவுக்குப் பிறகு எங்களுக்கு இப்படி ஒரு பொழுதுபோக்கு வாய்த்ததில்லை. “எங்க வீட்டுக்காரர் தொண்ணூறு.” “கொட்டாவி விடுற ஆளுக்கா தொண்ணூறு?” கணவன்மாரைப் பார்க்காமலே கணவன்மாரைப் பற்றி எல்லாம் தெரிந்தது.

ஒரு நாள் தயாளன் ஜூரு பக்கம் சிக்னலில் நிற்கும்போது பார்க்கிறேன்: தனியாக நடித்துக்கொண்டிருக்கிறார். ஒரு கை இடுப்பில். மற்றொரு கையின் ஆள்காட்டி விரல் ஆடுகிறது. புருவம் நெற்றி உச்சிக்குப் போகிறது. சத்தம் இல்லாவிட்டால் என்ன? அந்த விரலை எனக்குத் தெரியாதா? அது என் விரல். நன்றாகத்தான் நடித்தார், அதையும் சொல்ல வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். அவர் கத்தவில்லை.

“வள்ளி, ஒரு மனுஷன் தனியா இருக்கிறதுக்கு எனக்கு இருந்த ஒரே இடம் அந்த சீட்டு. பாஸ் எட்டிப் பார்த்தான், சகிச்சுக்கிட்டேன். அங்கயும் நீயா?” என்றார். மணி இரண்டு ஆகியிருந்தது. சோபாவில் போய்ப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டார். பதில் சொல்ல வாயைத் திறந்தேன். புள்ளி குறையும் என்று மூடிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அவர் நடிக்கவில்லை. பாடவில்லை. தலையாட்டவும் இல்லை. டிரைவர்கள் எல்லாரும் பிறை தேநீர்க் கடையில் பயிற்சி எடுத்துக்கொண்டார்களாம். பயிற்றுநர் காஜா மொய்தீன். “ரொட்டிக்கு முட்டை போடவா அண்ணே?” என்று கடைக்காரர் கேட்டால், ஆறு ஆண்கள் கழுத்தில் சிமெண்டு ஊற்றியதுபோல உட்கார்ந்து, “போடு,” என்பார்களாம். தலை அசைந்தவர் எல்லாருக்கும் தேநீர் வாங்க வேண்டும். தயாளனின் மார்க் தொண்ணூற்றெட்டுக்கு ஏறியது. குழுவில் எல்லாரும் எனக்குக் கைதட்டல் அனுப்பினார்கள்.

மாதம் முடிந்த மறுநாள், பிற்பகல் மூன்று மணிக்கு மிஸ்டர் கார்த்திகேசு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் சட்டம் போட்ட சான்றிதழ், ஒரு ரோஜா மாலை. ஆண்டின் சிறந்த ஓய்வாளராகத் தயாளனைத் தலைமையகம் தேர்ந்தெடுத்திருக்கிறதாம். ஓய்வெடுக்கும்போதே விருதை வழங்கிப் படம் எடுத்து அனுப்ப வேண்டுமாம். படம் எடுக்க சுஹானாவை வரச் சொல்லியிருந்தேன்.

மேலாளர் இளைத்திருந்தார். கழுத்து நேராக நின்றது. வாசலிலேயே கிசுகிசுத்தார். “மேடம், அன்னிக்கு என் மேசையில பீப் அடிச்சதெல்லாம் தலைமையகத்துக்குப் போயிடுச்சு. எனக்கும் ரெண்டு எச்சரிக்கை. கம்பெனி கேமரா எதுல என் முகம் பட்டாலும் அடையாளம் கண்டுபிடிச்சிடும். எந்தக் கையெழுத்தும் கேமரா முன்னாலதான் போடணும்னு உத்தரவு வேற. உள்ள போனா என்னைப் பேச வைக்காதீங்க.”

உள்ளே போனோம். தயாளன் கண்ணை மூடி, கையை வயிற்றில் வைத்து, மல்லாந்து படுத்திருந்தார். அன்றும் அசையவில்லை. மிஸ்டர் கார்த்திகேசு சத்தமில்லாமல் நடந்து போய்ச் சான்றிதழை அவர் மார்பின்மேல் வைத்தார். மாலையைக் கழுத்தில் போட வழியில்லாததால் அதன்மேல் சாத்தினார். சுஹானா கால்மாட்டில் நின்று படம் எடுத்தாள்.

திறந்திருந்த கதவு வழியாகப் பக்கத்து வீட்டு நல்லமுத்து எட்டிப் பார்த்தார். மாலையைப் பார்த்தார். செருப்பைக் கழற்றினார். உள்ளே வந்து, கைகட்டி நின்று, என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

“எப்பம்மா? காலையிலகூடப் பார்த்தேனே.”

யார் அவருக்கு விளக்குவது? பேசினால் புள்ளி குறையும். சுஹானா முக்காட்டை வாயில் அழுத்திக்கொண்டு குலுங்கினாள். நல்லமுத்து அதை அழுகை என்று எடுத்துக்கொண்டு, தானும் கண்ணைத் துடைத்தார்.

எனக்கு வேண்டியது சான்றிதழ் இல்லை. எச்சரிக்கை ரத்துக் கடிதத்தை நானே தட்டச்சு செய்து தயாராக வைத்திருந்தேன். அதையும் பேனாவையும் மிஸ்டர் கார்த்திகேசுவின் கையில் கொடுத்துக் கையெழுத்து இடத்தைக் காட்டினேன். பேனாவை வாங்கிக்கொண்டார். ஆனால் கையெழுத்துப் போட வேண்டுமானால் தலையைக் குனிய வேண்டும். குனிந்தால் நுண்துயில். மூன்றாவது எச்சரிக்கை அவருக்கு. வாயைத் திறந்து ‘ரத்து’ என்று சொன்னால் புள்ளி குறைந்து, மூன்றாவது எச்சரிக்கை தயாளனுக்கு.

மிஸ்டர் கார்த்திகேசு சுவர்க் கேமராவின் சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றார். சோபாவில் தயாளனின் மூடிய இமைக்குள் கருவிழி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. நான் மேலாளரின் காதுக்கருகில் போய், கேமராவுக்கு எட்டாதபடி கிசுகிசுத்தேன்.

“மிஸ்டர் கார்த்திகேசு, கையெழுத்துக்கூட வேண்டாம். ரத்து பண்றேன்னு, ஒரே ஒரு தடவை கண்ணை மூடித் திறங்க, போதும்.”

அவர் கண்ணை இன்னும் அகலமாக விரித்தார். விளிம்பில் நீர் கட்டியது.

“ஒரே ஒரு தடவை, ப்ளீஸ்.”