முதல் ஒரு மணித்தியாலம்

படம் பார்ப்பவன் செய்யக்கூடிய பிழைகளுள் மிகப் பெரியது, "எப்படி இருந்தது?" என்று எவரேனும் வினவும்போது அதனை உண்மையான வினா என்று நம்பிவிடுவதாகும். இந்த நம்பிக்கையினால் நான் ஒரு நாள் பட்டதைப் பதினைந்து ஆண்டுகளாக என் வீட்டாரே சொல்லித் திரிகின்றனர். இனி நானே எழுதிவிடுவது மானத்துக்கு நல்லது.

எழுதத் தூண்டியவர் இப்பத்தியின் வாசகர் ஒருவர். சுன்னாகம் சந்தையில் நான் வெங்காயம் தெரிந்தெடுத்துக்கொண்டிருந்தபோது அருகில் வந்து நின்றார்.

"சேர், புதுசா வாற படங்களைப் பற்றி மாசாமாசம் எழுதுறியள். எல்லாத்திலையும் குறை பிடிக்கிறியள். ஆனால் ஒரு படத்தையும் நீளம் எண்டு சொன்னதில்லை. ஏன்?"

நியாயமான கேள்வி. இம்மாதமே மூன்று படங்கள் வீட்டுத் திரைக்கு வந்துள்ளன. பழைய கறுப்பு வெள்ளைப் படமொன்று கழுவித் துடைத்த முகத்தோடு டிவிடி இறுவட்டாக வெளியாகியிருக்கிறது. கீறல்கள் யாவும் நீங்கிவிட்டமையால் கதாநாயகரின் ஒட்டுமீசைக்குப் பூசிய பசையும் தெளிவாகத் தெரிகிறது. இரண்டாவது படம் திரையரங்கை எட்டிப் பார்த்துவிட்டு உடனடியாக இணையவழியே வீட்டுக்குள் நுழைந்துவிட்டது. அதன் அவசரத்தை நான் குறை கூறேன்; திரையரங்கில் அதற்கு வேலை இருக்கவில்லை. மூன்றாவது, 'இயக்குநர் விரும்பிய முழு வடிவம்'. முன்பு வெட்டி எறிந்தவற்றையெல்லாம் தேடிப் பொறுக்கி மீண்டும் ஒட்டியிருக்கின்றனர். பார்த்து முடிப்பதற்குள் வீட்டில் இரண்டு வேளை உணவு நடந்தேறியது. ஆயினும் நீளம் பற்றி ஒரு சொல்லும் சொல்லமாட்டேன். காரணம் உடுப்பிட்டியில் இருக்கிறது.

அக்காலத்தில் நான் மானிப்பாயில் தமிழ் கற்பித்துக்கொண்டு, மாதந்தோறும் இறுவட்டு விமரிசனம் எழுதிக்கொண்டு, மணமாகாதிருந்தேன். இம்மூன்றுக்கும் தொடர்பு உண்டு என்பது என் அம்மாவின் துணிபு. ("உவன் படத்திலை வாறவளையே குறை சொல்லுறான், வீட்டிலை வாறவளை விடுவானோ?") இந்நிலையில் தரகர் கந்தையர் ஒரு சம்பந்தம் கொண்டுவந்தார். பெண்ணின் பெயர் சுகந்தி. நெல்லியடியில் கணினி கற்பிப்பவள். குறிப்புப் பொருந்திவிட்டது. பெண் பார்க்கப் போய்ப் பின்னர் வேண்டாம் என்பது இரு வீட்டாருக்கும் சங்கடம். ஆகையால் எங்கள் பக்கத்தில் அப்போது பரவியிருந்த வழக்கப்படி, பெண்ணுடைய அக்காவின் கலியாண வீடியோவைத் தந்தார். அதில் பெண்ணையும் பார்க்கலாம், சுற்றத்தாரையும் பார்க்கலாம், வீட்டையும் பார்க்கலாம்; வேண்டாமென்றால் ஊரில் ஒருவரும் அறியமாட்டார்.

அப்பா, அம்மா, நான் மூவரும் தொலைக்காட்சியின் முன் அமர்ந்தோம். மூன்றரை மணித்தியாலம் ஓடியது. பெண்ணைக் காணவில்லை.

"பெடிச்சி எங்கை?" என்று அம்மா இரண்டு முறை கேட்டார்.

இறுதியில், குங்குமத் தட்டத்தோடு, மணப்பெண்ணின் சாயலில் ஒருத்தி விரைந்து வந்தாள். படம் பிடிப்பவர் அவளை நெருங்க, அந்தத் தட்டத்தாலேயே கமராவை ஒதுக்கிவிட்டு, "மணவறையைப் பாருங்கோ அண்ணை, என்னை ஏன்?" என்று சொல்லி மறைந்தாள். அவ்வளவே. எனக்கு அதுவே போதுமாயிருந்தது. அன்று முதல் பாடசாலைக்குச் சைக்கிளில் போகும்போதும் அந்தத் தட்டம் என் முன்னே வந்து வந்து ஒதுக்கியது. இவளையன்றி வேறொருத்தியை மணப்பதில்லை என்று தீர்மானித்தேன்.

அத்தோடு நின்றிருக்கலாம். மறுநாள் அதே இறுவட்டை மறுபடியும் போட்டேன். முதன்முறை மாப்பிள்ளையாகப் பார்த்தவன், இரண்டாம் முறை விமரிசகனாகப் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை உடுப்பிட்டிக்குப் புறப்படுகையில், அதிகம் பேசாத என் அப்பா வாடகை வான் வண்டியில் ஏறுமுன் என் தோளைத் தொட்டு ஒன்று சொன்னார்: "அங்கை போய் வாயை வைச்சுக்கொண்டு சும்மா இரு."

ஓம் என்றேன். அரை மணித்தியாலம் சொன்னபடியே இருந்தேன். பயற்றம் பணியாரம் வந்தது, உண்டேன். சுகந்தி தேநீர் கொண்டுவந்தாள், எடுத்தேன். அவள் உள்ளே போகாமல் கதவோரம் நின்றாள். அப்போதுதான் அவளுடைய தந்தை இரத்தினம் மாமா, எங்கள் ஊர் வழக்கப்படி கேட்கவேண்டியதைக் கேட்டார்.

"தம்பி, வீடியோ பாத்தனீங்களோ? எப்பிடி இருந்தது?"

வாசகர் அறிவர். இவ்வினாவுக்கு விடை ஒன்றே: "நல்லாயிருந்தது மாமா." அதன் பொருள் பெண்ணைப் பிடித்திருக்கிறது என்பது. அதன்பின் நாள் பார்ப்பார்கள். யாழ்ப்பாணத்தில் எத்தனையோ ஆடவர் அந்த ஒற்றைச் சொல்லால் கரையேறியிருக்கின்றனர். நான் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தேன். தொண்டையைச் செருமினேன்.

"ஒளியமைப்பு நல்லாயிருக்கு மாமா. ஒலியும் தெளிவு. ஆனால் முதல் ஒரு மணித்தியாலத்தை முழுசா வெட்டலாம்."

அம்மாவின் கையிலிருந்த பணியாரம் வாய்க்குப் போகும் வழியில் நின்றது.

"தம்பி பகிடி விடுறார்," என்றார் கந்தையர் விரைவாக.

"பகிடி இல்லை," என்றேன். (கந்தையர் எனக்கு நீட்டிய கயிறு அது. அதை வாங்கி நானே கழுத்தில் மாட்டிக்கொண்டேன்.) "அந்த ஒரு மணித்தியாலமும் கதைக்குத் தொடர்பில்லாத ஆள் ஒருத்தர் வாறார். கிணத்தடியிலை நிக்கிறார். வேலியைப் பாக்கிறார். பிறகு வீட்டுக்குள்ளை வந்து ஒவ்வொரு கதவாத் திறக்கிறார், மூடுறார். திருப்பித் திறக்கிறார். சாமியறைக் கதவை மூண்டு தரம். அவர் ஆர், ஏன் திறக்கிறார் எண்டு கடைசிவரை சொல்லேல்லை. அங்காலை பொம்பிளையைச் சீலை உடுத்தி வெளிக்கிடுத்துகினம், உதைக் காட்டாமல் கதவைக் காட்டுறது தொகுத்தவரின்ரை பிழை."

இரத்தினம் மாமா நிலத்தைப் பார்த்தார். விடை கதவோரத்திலிருந்து வந்தது.

"தொகுத்தது நான்."

எழுந்து நிற்பதா, இருப்பதா என்று தெரியாமல் பாதி எழுந்தேன்.

"அவர் என்ரை பெரியப்பா," என்றாள் சுகந்தி. குரலில் கோபம் இல்லை. "இந்த வீட்டுக்கு அத்திவாரம் போட்டவர் அவர்தான். சுவர் எழும்பினவுடனை நாட்டிலை பிரச்சினை வந்து, கூரை போட முதல் கனடாவுக்குப் போனவர். பிறகு வரவே முடியேல்லை. அக்காவின்ரை கலியாணத்துக்குத்தான் வந்தவர். இந்தக் கதவுகளை அண்டைக்குத்தான் முதன்முதல் கண்டவர். திரும்பிப் போய்க் கொஞ்ச நாளிலை கண்ணை மூடிட்டார்."

நான் நின்றிருந்த இடத்துக்குப் பின்னால் சாமியறைக் கதவு இருந்தது. திரும்பிப் பார்க்கத் துணிவு வரவில்லை. இரத்தினம் மாமா தோளிலிருந்த சால்வையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு முற்றத்துக்கு இறங்கினார். சம்பந்தப் பேச்சு அங்கேயே முடிந்தது.

திரும்பும் வழியில் வானுக்குள் அம்மா மட்டுமே பேசினார். "வெட்டலாமாம்! உன்னை ஆர் கேட்டது?" என்று தொடங்கி, வல்லை வெளியைக் கடந்து, மானிப்பாய் வரைக்கும் அது நீண்டது. அதில் வெட்டத்தக்க பகுதி எதுவும் இருக்கவில்லை. அப்பா சொல்லவேண்டியதைப் புறப்படுமுன்பே சொல்லிவிட்டார்.

அன்றிரவு உறக்கமில்லை. மறுநாள் கந்தையரின் வீட்டுக்குப் போய், பெண் வீட்டாரிடம் ஒரு வார்த்தை சொல்லவேண்டும் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏற்கெனவே சொன்னது காணும் தம்பி."

இறுவட்டைத் திருப்பிக் கொடுக்குமாறு கேட்டிருந்தார்கள். கொடுப்பதற்கு முன் அந்த முதல் மணித்தியாலத்தை மூன்றாம் முறையும் பார்த்தேன். இம்முறை அந்த மனிதர் கதவைத் தள்ளும் விதம் புலப்பட்டது. பிறர் வீட்டுக் கதவைப் போலப் பையத் தள்ளுகிறார். உள்ளே பார்த்தபின் தன் வீட்டுக் கதவைப் போல மூடுகிறார். ஒரு சொல்லும் இல்லாமல் அவள் அதைக் காட்டியிருந்தாள். பத்தி எழுதும் நான் இரண்டு முறை பார்த்தும் காணவில்லை.

மூன்று கிழமை கழிந்து கந்தையர் வாசலில் சைக்கிளைச் சாத்தினார். அவர் முகத்தில் பேயறைந்தாற்போல் ஒரு வியப்பு.

"பெட்டை ஓம் எண்டிட்டுது," என்றார். "ஏனெண்டு என்னைக் கேளாதேங்கோ."

ஏன் என்பதைச் சுகந்தியிடமே கேட்டேன். கலியாணத்துக்கு முந்திய பதிவு முடிந்த பிறகுதான் கேட்கும் துணிவு வந்தது.

"லண்டனிலை, கனடாவிலை, இஞ்சை எல்லாருக்கும் அந்த இறுவட்டைக் குடுத்தனான்," என்றாள். "எல்லாரும் நல்லாயிருக்கு எண்டவை. எல்லாரும் தாங்கள் வாற இடத்துக்கு ஓடவிட்டுப் பாத்தவை. சாமியறைக் கதவை மூண்டு தரம் திறந்தவர் எண்டு எண்ணிச் சொன்னது நீங்கள் ஒராள்தான். பிழையாத்தான் பாத்தனீங்கள். ஆனால் பாத்தனீங்கள்."

இரத்தினம் மாமாவைச் சம்மதிக்கவைக்க அவளுக்கு அந்த மூன்று கிழமையும் தேவைப்பட்டதாம். நான் நெகிழ்ந்து போனேன். அந்த நெகிழ்ச்சியில், எங்கள் கலியாண வீடியோவையும் தானே தொகுக்கவேண்டும் என்று அவள் விதித்த நிபந்தனைக்கு ஆராயாமல் தலையசைத்தேன்.

கலியாணம் முடிந்து இரண்டு மாதத்தில் இறுவட்டு ஆயத்தமாயிற்று. உறவினர் கூடியிருந்தனர். படம் தொடங்கியது. தொடங்கும்போதே நான் மணவறையில் தாலியைக் கையில் ஏந்தியிருந்தேன். எங்கள் வீட்டில் முழுக்குக்கு முன் எனக்குப் பால் அறுகு வைத்தது இல்லை. தலைப்பாகை கட்டியது இல்லை. தோழனோடு ஊர்வலமாய் வந்தது இல்லை. மாப்பிள்ளைக்கு உரியதெல்லாம் அடங்கிய பகுதி அப்படியே காணாமற் போயிருந்தது.

"என்ரை பகுதி எங்கை?" என்றேன்.

"முதல் ஒரு மணித்தியாலம்," என்றாள் அவள். "நீங்கள்தானே சொன்னனீங்கள்."

இரத்தினம் மாமா சிரித்து நான் கண்டது அன்றுதான். கனடாவிலிருந்து அழைப்பவர்கள் இன்றைக்கும், "மாப்பிள்ளை எந்தப் பக்கத்தாலை வந்தவர்?" என்று கேட்பதுண்டு.

ஆனால் அந்த மணித்தியாலத்திலிருந்து ஒரு துண்டை மட்டும் அவள் எடுத்து, நான் தாலியை ஏந்தியதற்கும் கட்டியதற்கும் நடுவே ஒட்டியிருந்தாள். எங்கள் முற்றம். விடிந்த வேளை. என் அப்பா வாடகைக்கு வந்த கதிரைகளை வரிசையாக, ஒவ்வொன்றாகக் கையால் அழுத்திப் பார்க்கிறார். ஒன்றை மட்டும் தூக்கிக்கொண்டு போய்ச் சுவரோடு சாத்துகிறார். விருந்தினர் எவரும் விழுந்துவிடக் கூடாது என்ற கவலை அவர் முதுகிலேயே தெரிகிறது. தம்மைப் படம் எடுப்பதை அவர் அறியவில்லை. அவருக்குப் பின்னால், பனியனோடும் துவாயோடும் ஒருவன் பல் துலக்கியபடி குறுக்கே போகிறான். மணமாகாத என்னைப் பற்றிய ஒரே ஆவணம் அது.

சென்ற ஆண்டு அப்பா எங்களை விட்டுப் போனார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்து உறவினர் கலைந்த பின், அந்த இறுவட்டைப் போட்டோம். கதிரைகள் வந்தன, அப்பா வந்தார், கண் இமைப்பதற்குள் மறைந்தார்.

"இந்தக் காட்சி இன்னும் கொஞ்சம் நீளமாயிருந்திருக்கலாம்," என்றேன்.

சுகந்தி தொலையியக்கியை என் கையிலிருந்து வாங்கி, காட்சியைத் தொடக்கத்துக்குக் கொண்டுபோனாள். அப்பா மீண்டும் முதற் கதிரையை அழுத்தினார். பனியன் போட்டவன் திரையின் ஓரத்தில் தலைகாட்டியபோது, அதுவரை அழுதுகொண்டிருந்த என் மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அறிவித்தாள்:

"கதைக்குத் தொடர்பில்லாத ஆள் வாறார்!"

அழுது களைத்திருந்த அம்மாதான் முதலில் சிரித்தார்.