எக்ஸ்ட்ரா ஃபிட்டிங்காரர்

மனிதர்களில் ஓர் இனம் உண்டு. இவர்களுக்குப் புது வண்டி என்றால் உயிர். ஆனால் கம்பெனி கொடுத்த மாதிரியே இருந்தால் ஆகாது. படித்தவர்கள் நூறு பேர் வருஷக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டு செய்து அனுப்பிய காரை, வாங்கிய மூன்றாம் நாள் ஒரு சுற்றுச் சுற்றிவந்து பார்த்து, பின்னால் கை கட்டி நின்று, "வண்டி நல்லாத்தான் இருக்குது, ஆனா மொட்டையா இருக்குதே" என்பார்கள். அந்த மொட்டையில் ஆரம்பிக்கும் வினை. இவர்களுக்கு எக்ஸ்ட்ரா ஃபிட்டிங்காரர் என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

உதாரணம் வேண்டுமா? கொல்லிமலை செம்மேட்டில் மிளகு வியாபாரம் செய்யும் செங்கோட்டையனைப் பாருங்கள். போன தை மாதம் கார் எடுத்தார். பூஜை போட்டு, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கி, மாலை வாடுவதற்குள் மலையடிவாரம் காரவள்ளியில் முகேஷின் பட்டறைக்குப் போய் நின்றுவிட்டார்.

"எழுபது கொண்டை ஊசி வளைவு முகேஷு. எழுபதுலயும் ஹாரன் அடிச்சாகோணும். கம்பெனி ஹாரன் கோழிக்குஞ்சாட்டக் கத்துது. எவன் ஒதுங்குவான்?"

நியாயம்தானே? லாரி ஹாரன் ஏறியது. ஹாரன் வந்தபின் விளக்கு சும்மா இருக்குமா? பனி இறங்கினால் பாதை தெரிய வேண்டும் என்று முன்னால் நான்கு விளக்கு. முன்னால் நான்கு என்றால் பின்னால் இரண்டாவது வேண்டாமா? பின்னாலும் வந்தது. ரிவர்ஸ் எடுத்தால் பக்திப்பாட்டு பாடுகிற பெட்டி, வண்டிக்கு அடியில் ஊதா வெளிச்சம், கம்பெனி டயரைக் கழற்றிப்போட்டுவிட்டு அகல டயர், பாட்டுக்கு டிக்கியில் ஒரு பெரிய டப்பா. இத்தனைக்கும் கரண்ட் எங்கிருந்து வருகிறது? கம்பெனி வயரை நறுக்கி, தோலைச் சீவி, முறுக்கி, கருப்பு டேப் சுற்றினால் வருகிறது. ஒவ்வொரு முறை முகேஷ் கத்தரியை எடுத்தபோதும் செங்கோட்டையன் தன் இனத்தின் மந்திரத்தைச் சொன்னார்: "ஒண்ணும் ஆகாது."

அவர் மனைவி வேலம்மாள் மட்டும் கேட்டாள். "ஏனுங்க, புது வண்டியப் புடிச்சு இந்த அறுப்பு அறுக்கறாரே, நாளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா?"

"வாரண்டி இருக்குது புள்ள! அஞ்சு வருசம்!"

வாரண்டி புத்தகத்தைச் சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாக வைத்திருந்தார். திறந்து பார்த்தாரா? திறந்து பார்க்கிறவர் இந்த இனத்தில் சேர்த்தியில்லை.

ஆடி மாதம் ஒரு நாள் மாலை, மழைத் தூறலில் இருவரும் நாமக்கல்லிலிருந்து ஏறி வந்துகொண்டிருந்தார்கள். நாற்பத்து மூன்றாவது வளைவு. ஹாரன் மலையே அதிர அலறியது. விளக்குகள் எல்லாம் ஜொலித்தன. ஸ்டீரிங் மட்டும் திரும்பவில்லை. கல்லாய் இறுகிவிட்டது. செங்கோட்டையன் எழுந்து நின்று திருப்பாத குறையாகத் திருப்பி, பிரேக்கில் ஏறி மிதித்ததில், வண்டி தடுப்புச் சுவருக்கு ஒரு முழம் இருக்கையில் நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் பள்ளம். வேலம்மாள் ஜன்னல் வழியாக அந்தப் பள்ளத்தை எட்டிப் பார்த்தாள். அப்புறம் கதவைத் திறந்து இறங்கினாள்.

"இதைச் சரி பண்ணுற வரைக்கும் நான் பஸ்ஸுலதான் போவேன், வருவேன். சாமி சத்தியமா இதுல ஏற மாட்டேன்."

வண்டியை எப்படியோ உருட்டி வீடு சேர்த்த செங்கோட்டையன், சர்வீஸ் சென்டரில் போனில் விசாரித்தார். ஸ்டீரிங்கைத் திருப்ப உதவும் மோட்டார் போயிருக்கும் என்றார்கள். காசு கொடுத்து மாற்றினால் ஒரு வருஷ மிளகு லாபம் அதிலேயே போய்விடும். வாரண்டியில் மாற்றினால் சல்லிக்காசு வேண்டாம்.

இப்போதுதான் இந்த இனத்தின் இரண்டாவது சடங்கு ஆரம்பம். போட்டதையெல்லாம் கழற்றும் சடங்கு! வந்தும் வராமலும் இருந்த ஸ்டீரிங்கோடு பல்லைக் கடித்துக்கொண்டு எழுபது வளைவையும் இறங்கி, முகேஷ் பட்டறையில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து, ஹாரன், விளக்கு, பாட்டுப்பெட்டி எல்லாவற்றையும் கழற்றி, பழைய டயரைத் திரும்ப மாட்டி, ஓட்டைகளில் பட்டி பூசி, காரைப் பச்சைப்பிள்ளையாக்கினார். கழற்றியதை ஒரு மிளகு மூட்டைச் சாக்கில் கட்டினார். பட்டறையிலேயே வைத்துவிட்டுப் போகலாம்தானே? மாட்டார். முகேஷ் அதை வேறு வண்டிக்கு மாட்டிவிட்டால்? சாக்கைத் தூக்கி டிக்கியில் போட்டார். அதன்மேல் இரண்டு பலாப்பழம். மலையிலிருந்து இறங்கி ஓர் ஆபீசுக்குப் போகிறவன் வெறுங்கையோடு போகலாமா?

சர்வீஸ் சென்டரில் அவரை வரவேற்றது சண்முகப்பிரியா என்ற பெண். வேலம்மாள் சொன்ன சொல் தவறாமல் பஸ்ஸில் வந்து அவருக்கு முன்பே அங்கே உட்கார்ந்திருந்தாள்.

"வெளியில ஏதாவது ஃபிட்டிங் பண்ணியிருக்கீங்களா சார்?"

"சே சே! கம்பெனியில இருந்து வந்தது வந்தபடியே இருக்குதுங்க கண்ணு. ஒரு ஸ்டிக்கர்கூட ஒட்டலீங்க."

அதோடு வாயை மூடிக்கொண்டிருந்தால் அவர் செங்கோட்டையன் இல்லை. "ஒரு நிமிசம், உங்களுக்கு மலைப்பழம் கொண்டாந்திருக்கேன்" என்று அவரே, தம் கையாலேயே, டிக்கியைத் திறந்தார். பெரிய பழத்தை இழுத்தார். பலா முள்ளில் சாக்கு மாட்டிக்கொண்டு கூடவே வந்தது. வாய் அவிழ்ந்தது. நான்கு விளக்கும் லாரி ஹாரனும் கம்பெனித் தரையில் உருண்டு ஓடி, பாட்டுப்பெட்டி சண்முகப்பிரியாவின் காலடியில் போய் விழுந்தது.

"இது என்னங்க சார்?"

"அது... எங்க மச்சான் வண்டியோடதுங்க."

"மச்சான் என்ன வண்டி வெச்சிருக்காரு?"

"புல்லட்டுங்க."

மெக்கானிக் ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு தோள் குலுங்க நின்றார். சண்முகப்பிரியா சிரிக்கவில்லை. பானெட்டைத் திறந்து டார்ச் அடித்துக் காட்டினாள். கருப்பு டேப் சுற்றிய வயர்கள் பதினொன்று. பிறகு ஸ்டீரிங் மோட்டாரையும் சோதித்துப் பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னாள்:

"மோட்டார் உள்ளேயே பழுது ஆகியிருக்கு சார். அது கம்பெனி குறை. வயரை வெட்டினதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லைன்னு நான் எழுத முடியும். ஆனா என்னென்ன போட்டீங்க, எங்க வெட்டினீங்கன்னு நீங்க உண்மையா எழுதிக் கொடுக்கணும். வயரிங் மட்டும் உங்க செலவு. எதுவுமே போடலைன்னு சொன்னீங்கன்னா, பொய் சொல்றீங்கன்னு மொத்தத்தையும் தள்ளிடுவாங்க."

எவ்வளவு சுலபம்! ஒரு வரி எழுதினால் போதும். ஆனால் இந்த இனத்திடம் மலையை விழுங்கச் சொன்னால் விழுங்கிவிடும். "ஆமாங்க, நான்தான்" என்ற இரண்டு சொல் தொண்டையைத் தாண்டி வராது. செங்கோட்டையன் பேனாவைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். "வண்டி வரும்போதே அப்படித்தான் வந்துச்சோ என்னமோ..." என்று இழுத்தார்.

வேலம்மாள் எழுந்து வந்தாள்.

"ஏனுங்க, அந்த வளைவுல நான் உங்க பக்கத்துலதான் உக்காந்திருந்தேன். பள்ளத்தை நான்தான் பார்த்தேன், நீங்க பார்க்கலை. இன்னைக்கு வரைக்கும் தூக்கம் வரலைங்க எனக்கு. என்ற உசுரு பெருசா, உங்க ஹாரன் பெருசா? சொல்லிப்போடுங்க."

செங்கோட்டையனுக்குக் கண் கலங்கிவிட்டது. உண்மையாகவே கலங்கியது, கேலி செய்கிற நான்கூட அதை ஒப்புக்கொள்கிறேன். குனிந்து எழுத ஆரம்பித்தார். ஒரு பக்கம் போதவில்லை. பின்பக்கமும் எழுதினார்.

பத்தாம் நாள் புது மோட்டார் வந்தது. அன்றைக்கு வேலம்மாள் காரிலேயே ஏறி மலைக்கு வந்தாள், ஒரு வளைவிலும் கண்ணை மூடாமல்.

சிரிக்கிறீர்கள். எனக்குக் காரே இல்லை, இதெல்லாம் எனக்கு எதற்கு என்கிறீர்கள். சரி, போன மாதம் மிக்ஸி நின்றுபோனபோது தெருமுனைக் கடையில் கொடுத்துத் திறந்து பார்த்தீர்களே, அப்புறம் நாலு திருகாணியையும் முடுக்கி, துணியால் துடைத்து, வாரண்டி அட்டையோடு கம்பெனி ஆளிடம் நீட்டி, "யாரும் கையே வைக்கலைங்க" என்றீர்களே, அது யார்? நீங்கள் இல்லையா? நல்லது. அப்படியானால் அதையே ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கீழே கையெழுத்துப் போடுங்கள், பார்ப்போம்.