பெயர் போட வேண்டாம் என்றார்கள்

கைப்பேசியே தெரியாதவர்களால் உலகத்துக்கு ஆபத்தில்லை. தொட்டால் ஏதாவது ஆகிவிடும் என்று எட்டி நிற்பார்கள். ஆபத்தெல்லாம் கொஞ்சம் தெரிந்துவைத்துக்கொண்டு முதல் பெஞ்சில் போய் உட்காருகிறவர்களால்தான். நான் முதல் பெஞ்சு.

கூட்டுறவு அலுவலகம் ஒன்றில் கணினி முன்னால் உட்கார்ந்து வேலை பார்ப்பவள் நான். அந்தத் தகுதியில், என் மகள் சௌமியா படித்த ஒன்பதாம் வகுப்பு பி பிரிவுப் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவுக்கு என்னை அட்மின் ஆக்கினார்கள். (யாரும் ஆக்கவில்லை. நானாகக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.) அங்கே நான் போட்ட சட்டம் ஒன்றே ஒன்று: எதை எழுதினாலும் கீழே பிள்ளையின் பெயரும் வகுப்பும் இருக்க வேண்டும். ‘நாளைக்கு லீவா?’ என்று யாராவது மொட்டையாகக் கேட்டால் ‘யாருடைய அப்பா?’ என்று பாய்வேன். ஒரே வகுப்புக் குழுவில் வகுப்பு எதற்கு என்று ஒருவர் கேட்டார். ஒழுங்கு என்று ஒன்று இருக்கிறது அல்லவா என்று பதில் போட்டேன். அதற்குக் கீழேயும் ‘சௌமியா அம்மா, 9 பி’.

வகுப்பாசிரியை ஜெனிபர் சின்ன வயதுக்காரர். புதிதாக வந்த பெரிய தொடுதிரையைச் சும்மா படம் காட்டப் பயன்படுத்தாமல், பிள்ளைகளைக் கேள்வி கேட்கவைக்கப் பயன்படுத்தியவர். ஓர் இணையப் பக்கத்தை அவர் திறந்துவைப்பார். பிள்ளைகள் எழுதுவது சீட்டுச் சீட்டாகத் திரையில் வந்து விழும். யார் எழுதியது என்று தெரியாது. பிடித்த சீட்டுக்கு இதயம் போடலாம். இதயம் கூடக் கூடச் சீட்டு மேலே ஏறும். வாயே திறக்காத பிள்ளைகள்கூட இதில் எழுதுகிறார்கள் என்று சொல்லி, ஒரு சனிக்கிழமை பெற்றோரையும் அழைத்தார்.

சௌமியாதான் அன்றைக்கு மடிக்கணினியை இயக்கினாள். வாயே திறக்காதவள் என் மகளும்தான். அந்த நாற்காலியில் அவளைப் பார்த்ததும் எனக்குத் தலை கால் புரியவில்லை.

முதலில் பிள்ளைகளின் முறை. ‘அப்பா அம்மாவிடம் சொல்லத் தயங்குவது என்ன?’ ஒரு சீட்டு, ‘என் மார்க்கைக் கேட்டதும் பக்கத்து வீட்டுப் பிள்ளை மார்க்கைக் கேட்காதீர்கள்’ என்றது. எல்லா அம்மாக்களும் தங்களுக்குச் சொன்னது இல்லை என்பது போல் உட்கார்ந்திருந்தோம்.

பிறகு எங்கள் முறை. “பிள்ளைங்ககிட்ட நீங்க சொல்லத் தயங்குறத எழுதுங்க. பேர் போட வேணாம், மனசு விட்டு எழுதுங்க” என்றார் டீச்சர்.

என் பக்கத்தில் பிரவீனின் அப்பா. வடமதுரைப் பக்கம் மல்லிகைத் தோட்டம் போட்டிருப்பவர். “யக்கா, இதுல எங்கிட்டு எழுதணும்?” என்று போனை நீட்டினார். அவருக்கு ஒரு குட்டி வகுப்பே எடுத்தேன். பிறகு என் போனை எடுத்து, மனசு விட்டு எழுதினேன்.

‘ஆடிட்டர் ஆவேன் என்கிறாள். அவளால் முடியாது என்று எனக்குத் தெரியும். சொல்ல மனம் வரவில்லை.’

எழுதியது நான். அதற்குக் கீழே ‘சௌமியா அம்மா, 9 பி’ என்று போட்டது என் விரல். நாள் முழுக்கச் செய்கிற வேலையை அது என்னைக் கேட்டுச் செய்வதில்லை. அனுப்பியும்விட்டது.

திரையில் பார்த்தபோதுதான் செய்தது உறைத்தது. சீட்டை அழுத்தினேன், அழிக்க வழி வரும் என்று. ஓர் இதயம் விழுந்தது. சீட்டு ஒரு படி ஏறியது. மறுபடி அழுத்தினேன். இதயம் போனது, சீட்டு இறங்கியது. மறுபடி. ஏறியது. அதுவரை யாரும் கவனிக்காத சீட்டு, துள்ளுகிற துள்ளலில் அறையே அதைப் பார்த்தது.

“நிப்பாட்டுங்கக்கா, குதிக்குது!” என்றார் பிரவீனின் அப்பா. பிறகு குரலைத் தாழ்த்தி, “உண்மையத்தானே எழுதிருக்காகன்னு நானும் ஒண்ணு அமுக்கிட்டேன். ஒங்க பேரு அப்பறந்தேன் கண்ணுல பட்டுச்சு” என்றார்.

சீட்டு உச்சிக்குப் போய்விட்டது.

கடைசி பெஞ்சில் ஒருவருக்கு உதவிக்கொண்டிருந்த டீச்சர் நிமிர்ந்து பார்த்துப் பதறினார். “சௌமியா, அத எடுத்துரும்மா. படிக்காத, எடுத்துரு.”

படிக்காமல் எப்படி எடுப்பது? அவள் கேள்வித்தாளைப் படிப்பதுபோல நிதானமாகப் படித்தாள். திரையில் அம்புக்குறி சீட்டின் மேல் போய் நின்றது. ‘நிச்சயமாக நீக்கவா?’ என்று திரை கேட்டது. நீக்கினாள். அடுத்த சீட்டு மேலே வந்தது. ‘என் மகன் தலைமுடி எனக்குப் பிடிக்கவில்லை.’ எல்லோரும் தேவைக்கு மேல் சத்தமாகச் சிரித்தார்கள்.

வண்டியில் திரும்பும்போது, “சௌமி, அம்மா சும்மா எழுதுனேன்டி” என்றேன்.

“சரிம்மா. ரோட்டப் பாத்து ஓட்டு.”

“ஒன்னால முடியும்டி. நான் என்னமோ...”

“லாரி வருதும்மா.”

அவ்வளவுதான். சண்டை போட்டிருக்கலாம், அழுதிருக்கலாம். எனக்கும் சமாதானம் சொல்ல ஓர் இடம் கிடைத்திருக்கும். மறுநாள் அட்மின் பதவியை விட்டேன். ஏன் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. ஆடிட்டர் என்ற சொல் அதன்பின் எங்கள் வீட்டில் புழங்கவில்லை. என் கணவரின் கடைக்கு வரிக் கணக்குப் பார்க்கிறவரைக்கூட ‘அந்த சார்’ என்றுதான் சொல்கிறோம். பதினொன்றாம் வகுப்பில் என்ன பிரிவு என்பதை அவள் அப்பாவிடம் மட்டும் சொல்லிக் கையெழுத்து வாங்கிப் போனாள். காமர்ஸ் இல்லை, கம்ப்யூட்டர் சயின்ஸ். நான் காரணம் கேட்கவில்லை.

ஆனால் கதை மட்டும் குடும்பத்தில் நிலைத்துவிட்டது. கல்யாண வீட்டில் நாலு பேர் சேர்ந்தால், “ஏலே சௌமி, ஒங்கம்மா ஸ்கூல்ல போட்டாளாமே, அதச் சொல்லு” என்று என் தம்பி ஆரம்பித்துவிடுவான். அவளும் சொல்வாள். சீட்டு துள்ளியதை, நான் போனைக் குத்திய குத்தை, பிரவீன் அப்பாவின் குரலை அப்படியே நடித்துக் காட்டுவாள். பந்திக்குக் கூப்பிட்டாலும் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள்.

“சரி, அப்படி என்னதேன் எழுதுனா ஒங்கம்மா?” என்பான் தம்பி.

“எனக்கு ரசம் வைக்கவே வராதாம் மாமா!”

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஒருமுறைகூட அவள் அந்த வரியை மாற்றிச் சொன்னதில்லை, ஒருமுறைகூட என் பக்கம் திரும்பியதும் இல்லை.