சம்பளம் ஏறும்போது சொந்தமாகிறவர்

மனிதர்களில் ஓர் இனம் இருக்கிறது. ஆண்டு முழுவதும் முதலாளியாக இருப்பார். குறைந்தபட்ச ஊதியத்தை அரசாங்கம் உயர்த்தப்போகிறது என்று காலைச் செய்தியில் வந்தால் போதும், அன்று சாயங்காலத்துக்குள் அண்ணனாகிவிடுவார். தங்கை கேட்டாளா? இல்லை. தனக்கு ஓர் அண்ணன் இருக்கும் விஷயம் தங்கைக்கே அன்றுதான் தெரியும்.

இவரை நீங்கள் அச்சகத்தில் பார்த்திருப்பீர்கள், தையற்கடையில் பார்த்திருப்பீர்கள். நான் பார்த்தது எங்கள் தெருமுனை லாண்டரியில். முன்னால் ஒரு கல்லா, அதற்குப் பின்னால் இரண்டு வாஷிங் மெஷின், ஓரமாக ஒரு நீராவிக் கொதிகலன், ஜன்னலோரம் ஒரு நீளமான இஸ்திரி மேசை. மேசைக்குப் பின்னால் பதினோரு வருடமாக ஒரே இடத்தில் நிற்பவரை நாங்கள் இஸ்திரி அக்கா என்போம். கடைக்காரர் அவரை "இந்தாம்மா" என்பார். மாடியில் குடியிருக்கும் கடைக்காரரின் மனைவி "ஏ, அந்தப் போர்வை முடிஞ்சுதா?" என்பார். பதினோரு வருடமும் அவருடைய பெயர் யாருக்கும் தேவைப்படவில்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம்மவர் கெட்டவர் அல்ல. கெட்டவரைப் பற்றி எழுத ஒரு பத்தி போதும், நல்லவரைப் பற்றித்தான் இவ்வளவு எழுத வேண்டியிருக்கிறது.

இந்த இனத்தின் முதல் அடையாளம், விலைவாசி என்றால் இவர்களுக்குக் கண் கலங்கும். காலையில் செய்தித்தாளை விரித்து, எண்ணெய் ஏறிவிட்டது, மின்சாரம் ஏறிவிட்டது, பஸ் கட்டணம் ஏறிவிட்டது, பாலும் ஏறிவிட்டது, ஏறாதது எங்கள் தெருவில் குழாய்த் தண்ணீர் ஒன்றுதான் என்று வரிசையாகச் சொல்லி, சட்டை வாங்க வந்தவரையெல்லாம் நிறுத்திவைத்து, "உழைக்கிறவன் எப்படிங்க பொழைப்பான்? அவன் வயித்துல ஈரத்துணியைக் கட்டிக்கணுமா? அரசாங்கம் என்ன தூங்குதா?" என்று கேட்பார். கேட்கும்போது குரல் தழுதழுக்கும். நடிப்பு இல்லை. ஈரத்துணி விஷயத்தில் அவருக்கு அனுபவமும் உண்டு.

அப்படியிருக்க ஒருநாள் அரசாங்கம் விழித்துக்கொண்டது. ஒண்ணாம் தேதி முதல் எல்லாத் தொழிலுக்கும் புதிய ஊதியம், அறிவிப்பைத் தொழிலாளர் கண்ணில் படும்படி ஒட்டவேண்டும், அதிகாரி வந்து பார்ப்பார் என்று உத்தரவு வந்தது.

"வரவேற்கணுங்க" என்றார் நம்மவர். "எப்பவோ செஞ்சிருக்கணும்."

"அப்போ இஸ்திரி அக்காவுக்கும் ஏறும், இல்லையா?" என்று நான் கேட்டேன். சட்டைக்காகக் காத்திருக்கும் மனிதன் ஏதாவது பேசத்தானே வேண்டும்?

வீட்டில் சாப்பிடும் சாப்பாட்டுக்கு யாருக்காவது பில் கொடுப்பீர்களா என்று கேட்பது போல அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "அது ஆலைக்குங்க. நம்மளது ஆலையா? இது குடும்பம்." சொல்லிவிட்டுச் சுவரைக் காட்டினார்.

சுவரில் ஒரு படம். கடை தொடங்கிப் பத்தாண்டு நிறைந்தபோது எடுத்தது. அவர் நிற்கிறார், மனைவி நிற்கிறார், பிள்ளைகள் இரண்டு பேர் நிற்கிறார்கள், அப்போது புதிதாக வாங்கிய வாஷிங் மெஷின்கூட நடுவில் கம்பீரமாக நிற்கிறது. அக்கா இல்லை. படம் எடுத்ததே அவர்தான். கீழ் மூலையில் மங்கலாக அவருடைய விரல் மட்டும் விழுந்திருக்கிறது.

அன்றிலிருந்து கடையில் பாசம் பெருகத் தொடங்கியது. "சாப்பிட்டியாம்மா?" என்பது பதினோரு வருடத்தில் பத்துத் தடவை கேட்ட கேள்வி, இப்போது ஒரே நாளில் மூன்று தடவை. "கால் வலிக்குதா, கொஞ்சம் உக்காரேன்" என்பார். உட்கார நாற்காலி கிடையாது என்பது சொன்ன பிறகுதான் ஞாபகம் வரும். ஒரு வருடமாக யாரும் வந்து வாங்காமல் கிடந்த ஒரு போர்வையை எடுத்து, "உன் பொண்ணுக்குக் குடு, மாமா குடுத்தாருன்னு சொல்லு" என்றார். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்கள். இங்கே நெய்க்குப் பதில் போர்வை.

அக்காவுக்கு வேண்டியிருந்தது போர்வை அல்ல. அவரும் பள்ளிக்கூடம் போகும் மகளும் இரண்டு தெரு தள்ளி ஓர் அறையில் இருந்தார்கள். வீட்டுக்காரரும் செய்தித்தாள் படிக்கிறவர். "சம்பளம்தான் ஏறிடுச்சே" என்று ஒண்ணாம் தேதியிலிருந்து வாடகையை ஏற்றிவிட்டார். உயர்வு கைக்கு வரவில்லை, அதன் செலவு மட்டும் வாசலில் வந்து நின்றது. எனக்கு அதைக் கேட்டபோது நிஜமாகவே கோபம் வந்தது.

அக்கா நேராகவே கேட்டார். "முதலாளி, புதுச் சம்பளம் வந்தா இந்த ரூம்லயே சமாளிச்சுக்குவேன். இல்லேன்னா காலி பண்ணிட்டு ரெண்டு பஸ் மாறி வர்ற இடத்துக்குப் போகணும். பொண்ணு இந்த வருஷம் பரீட்சை எழுதணும். பள்ளிக்கூடத்தைப் பாதியில மாத்த முடியாது."

"என்னது, முதலாளியா?" என்று அவர் மனம் நொந்துபோனார். "அண்ணன்னு கூப்பிடும்மா. தங்கச்சிக்கு ஒரு கஷ்டம்னா அண்ணன் சும்மா இருப்பேனா?"

"அப்போ ஒண்ணாம் தேதி குடுத்துடுவீங்களாண்ணே?"

"பாத்துக்கலாம்மா."

அந்த ஒரு வார்த்தையால் எத்தனை பேர் வீடு மாறியிருக்கிறார்கள் என்று யாராவது கணக்கெடுக்க வேண்டும்.

அதே சமயம் நம்மவர் சட்டத்தை மதிக்காதவர் அல்ல. அறிவிப்பை வாங்கி வந்தார், ஒட்டினார். எங்கே ஒட்டினார் என்று கேளுங்கள். கொதிகலனுக்கு மேலே. தொழிலாளர் கண்ணில் படும் இடம்தான். ஆவி அடங்கினால் படும். மூன்றே நாளில் காகிதம் அப்பளமாகச் சுருண்டு, பசை விட்டு, ஒரு மூலையில் தொங்கியது.

இங்கேதான் அவர் தன் செலவிலேயே தனக்குச் சூனியம் வைத்துக்கொண்டார். வேறு முதலாளியாக இருந்தால் சுருண்டது நல்லது என்று மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டியிருப்பார். இவர் இருபது வருட லாண்டரிக்காரர். தன் கடையில் சுருங்கின பொருள் ஒன்று தொங்குவதை அவரால் தாங்கிக்கொள்ள முடியாது. கழுத்துப்பட்டை மடங்கிய வாடிக்கையாளரைக்கூட நிறுத்திச் சரிசெய்து அனுப்புகிறவர். அவர் அந்தக் காகிதத்தைக் கழற்றி நேராக இஸ்திரி மேசைக்குக் கொண்டுபோய், "அதிகாரி வந்தா நம்ம கடையைப் பத்தி என்ன நினைப்பாரு? இதைக் கொஞ்சம் தேச்சுக் குடும்மா" என்றார்.

அக்கா கீழே ஒரு துணியை விரித்தார், பெட்டியின் சூட்டைக் குறைத்தார். ஈரக் காகிதத்தை அவசரமாகத் தேய்த்தால் கிழியும். ஒவ்வொரு வரியாக, ஓரம் பிடித்து, மெல்லத்தான் நகர்த்த வேண்டும். வரி வரியாகத் தேய்க்கிறவருக்கு வரி வரியாகத்தானே கண்ணில் படும்? முதல் விதி, இரண்டாம் விதி, மூன்றாம் விதி. ஏழாம் விதிக்கு வந்ததும் அக்கா பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் குனிந்து படித்தார். வேலை நேரத்தில் அவர் பெட்டியை நிமிர்த்தி வைத்து நான் பார்த்ததே இல்லை. பிறகு மிச்சத்தையும் தேய்த்து, கல்லாவுக்கு எதிரே, ஆவி எட்டாத இடத்தில், அவரே ஒட்டினார்.

ஏழாம் விதி இதுதான். குடும்ப உறுப்பினர்களே நடத்தும் தொழிலுக்கு இந்த ஊதிய உயர்வு பொருந்தாது. நம்மவர் இதுவரைக்கும் படித்து, செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு அண்ணனானவர். விதி அங்கே முடியவில்லை. அப்படிப்பட்ட உறுப்பினரின் உறவுமுறையையும், தொழிலில் அவருக்குள்ள பங்கையும் படிவத்தில் எழுதிக் கையெழுத்திட வேண்டும் என்று அடுத்த வரி சொன்னது. பாதி விதியைப் படித்துவிட்டு முழு வாழ்க்கையை முடிவு செய்வது இந்த இனத்தின் இரண்டாவது அடையாளம்.

மாதக் கடைசியில் தொழிலாளர் துறை அதிகாரி வந்தார். ஒல்லியான மனிதர், கை இடுக்கில் ஒரு கோப்பு. அன்றும் நான் இருந்தேன். என்னிடம் இருப்பது நான்கே சட்டை என்பதால் நான் அடிக்கடி அங்கே இருப்பேன்.

"எத்தனை தொழிலாளிங்க?" என்றார் அதிகாரி.

"தொழிலாளின்னு யாரும் இல்லீங்க சார். எல்லாம் குடும்பம்" என்றார் நம்மவர். முகத்தில் அப்படியொரு சாந்தம்.

"இவங்க?"

"தங்கச்சி."

அதிகாரி அக்காவைப் பார்த்தார். "அப்படியாம்மா?"

அக்கா ஒரு சட்டைக் கையை மடித்து முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார். "அண்ணன் சொன்னா சரிதான் சார்."

நம்மவர் நெகிழ்ந்துபோனார். அதிகாரி படிவத்தை எடுத்து, உறவுமுறை என்ற கட்டத்தில் தங்கை என்று எழுதினார். பேனாவை அடுத்த கட்டத்துக்கு நகர்த்தினார். "பங்கு எவ்வளவுன்னு போட?"

"என்ன பங்கு?"

"கடையில. ஏழாம் விதி. உங்களுக்கு எதிர்லதான் ஒட்டியிருக்கு. நல்லா தேச்சு ஒட்டியிருக்கீங்க, பார்த்தேன்."

நம்மவர் எதிர்ச் சுவரைப் பார்த்தார். ஒரு சுருக்கம்கூட இல்லை. ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகத் தெரிந்தது.

"அண்ணனா பாத்து எழுதட்டும் சார்" என்றார் அக்கா. "கூடப் பொறந்தவங்களுக்குள்ள என்ன பேரம்?"

மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. நம்மவரின் மனைவி, கையில் பாதி பொத்தான் தைத்த சட்டையும் உதட்டில் ஊசியுமாக இறங்கி வந்து, ஊசியை எடுத்தார். "தங்கச்சியா? நாத்தனார் இல்லாத வீடுன்னு சொல்லித்தானே எங்கப்பா என்னை உங்களுக்குக் கட்டிக்குடுத்தாரு? இவ எப்போ பொறந்தா?"

"அது ஒரு பேச்சுக்கு..."

"பேச்சுக்கா? சார் பேனாவால எழுதிட்டு இருக்காரு." அவர் படிவத்தை எட்டிப் பார்த்தார். பார்த்ததும் கோபம் போய் வேறு ஒரு யோசனை முகத்தில் வந்தது. "சரி, தங்கச்சிக்குப் பங்கு உண்டுன்னா, இருபது வருஷமா பொத்தான் தைச்சுக்கிட்டு, நீங்க தூங்குறப்ப கல்லாவுல உக்காந்துக்கிட்டு இருக்கேனே, எனக்கு எவ்வளவு?"

"அவங்க பேரையும் எழுதணுமே" என்றார் அதிகாரி, இன்னொரு படிவத்தை எடுத்தபடி.

நம்மவர் மனைவியைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். அந்தக் கடையில் பாசத்துக்கு இவ்வளவு ஆள் சேர்ந்து ஒரே சமயத்தில் நின்றது அன்றுதான்.

"சார், அந்தத் தங்கச்சியை அடிச்சிடுங்க" என்றார் மெதுவாக. "தொழிலாளின்னு போடுங்க. புதுச் சம்பளமே போடுங்க."

"பேர்?" என்றார் அதிகாரி.

நம்மவருக்குத் தெரியவில்லை. அக்காதான் சொன்னார். பதினோரு வருடத்தில் முதல் தடவையாக அந்தக் கடையில் அந்தப் பெயர் எழுதப்பட்டது. இரண்டாவது படிவத்தில் மனைவி என்றும், பங்கு சரிபாதி என்றும் எழுதப்பட்டது; அந்த விவரத்தை மனைவியே சொல்ல, கணவர் கையெழுத்து மட்டும் போட்டார். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று சும்மாவா சொன்னார்கள்?

ஒண்ணாம் தேதி அக்காவுக்குப் புதுச் சம்பளம் வந்தது. அறையைக் காலி செய்யவில்லை. மகள் அதே பள்ளிக்கூடத்துக்குப் போகிறாள். நம்மவர் அண்ணன் பதவியைத் துறந்து, "வாங்க, போங்க" என்று பேசத் தொடங்கினார். இந்தத் தெருவில் முதன்முதலில் சம்பளத்தை உயர்த்தியது தான்தான் என்றும், மனசு கேட்கவில்லை என்றும் வருகிறவர்களிடம் சொல்கிறார். அதை அவர் நம்பவும் நம்புகிறார்.

"அண்ணன் போனதுல வருத்தமாக்கா?" என்று கேட்டேன்.

"நல்ல மனுஷன்தான் சார். ஆனா அண்ணனா இருந்த மூணு வாரமும் எனக்குத் தூக்கமே வரல. முதலாளி ஆனதுக்கப்புறம்தான் வந்துச்சு" என்றார்.

கதை இங்கே முடிந்திருந்தால் நானும் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பேன். போன வாரம் கடை வாசலில் புதிதாக ஓர் அட்டை தொங்கியது. சட்டைக்குக் கட்டணம் கொஞ்சம் ஏறியிருந்தது. கொஞ்சம்தான். சம்பளம் ஏறினால் எங்கிருந்தாவது வரத்தானே வேண்டும் என்று எனக்கும் தெரியும்; விலைவாசி பற்றி நான் எழுதாத கட்டுரையா? ஆனாலும் நான்கு சட்டையையும் மேசையில் வைத்தபோது என் வாய் தானாக, "என்னக்கா, இத்தனை வருஷப் பழக்கம், நாமெல்லாம் ஒரே குடும்பம் மாதிரி. எனக்குமா புது ரேட்டு?" என்று கேட்டுவிட்டது.

அக்கா பெட்டியை நிமிர்த்தி வைத்தார். இரண்டாவது தடவை பார்க்கிறேன்.

"அப்போ நீங்களும் எனக்கு அண்ணனா சார்?" என்றார்.

வெட்கமாகப் போய்விட்டது. புது ரேட்டையே கொடுத்துவிட்டு வந்தேன்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், உங்களுக்கு லாண்டரி கிடையாது. ஆனால் வீடு பெருக்க ஒருவர் வருகிறாரா? குழந்தையைப் பார்த்துக்கொள்ள, வண்டி ஓட்ட யாராவது? "அவ எங்க வீட்டுப் பொண்ணு மாதிரி" என்று வந்தவர்களிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள்? சரி, உங்கள் கூடத்தில் மாட்டியிருக்கிற குடும்பப் படத்துக்கு முன்னால் போய் ஒரு நிமிடம் நில்லுங்கள். அதில் அவர் எங்கே இருக்கிறார் என்று தேடுங்கள். கிடைக்கவில்லை என்றால் கீழ் மூலையைப் பாருங்கள், விரல் ஏதாவது தெரிகிறதா என்று.