டாக்டரம்மா வீட்டு நோயாளிகள்

"உங்க கஷ்டம் எனக்கு நல்லாப் புரியுதுங்க" என்று அவள் அலமாரிக் கதவிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது, அறைக்கதவு தட்டப்பட்டது.

"யாரு?"

"அப்பாதாம்மா."

"நாலு மணிக்குப் பரீட்சை, அதுவரைக்கும் ஒரு ஈ காக்கா இந்தப் பக்கம் வரக்கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னே. ஆனா எனக்குக் கை நடுங்குதே."

அந்த வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் அவள். படித்தது மனநலம் என்பதால் 'டாக்டரம்மா' என்ற பெயரும் சேர்ந்து வந்தது. பாதி பெருமை, பாதி நக்கல். கொள்ளைநோய்க்குப் பயந்து உலகமே கதவடைத்துக் கிடக்க, மனம் உடைந்தவர்களுக்குத் தொலைபேசியில் ஆறுதல் சொல்லும் வேலை கிடைத்தது. பயிற்சி இன்றோடு முடிகிறது. நாலு மணிக்கு மேலாளரே நோயாளி மாதிரி நடித்துக் கூப்பிடுவார். தேறினால் வேலை. சொதப்பினால் வீட்டில் உட்கார வேண்டியதுதான். இப்போதும் வீட்டில்தான் உட்கார்ந்திருக்கிறாள் என்பது வேறு விஷயம்.

'வீட்டிலிருந்தே பணி. அமைதியான தனி அறை போதும்' என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். போட்ட மகராசனுக்கு எத்தனை தனி அறையோ! இங்கே மொத்தமே ஓர் அறை, ஒரு கூடம். அறையில் பாதி அம்மாவின் தையல் மெஷின். மீதியை அவள் மூன்று நாட்களாகப் பிடித்துவைத்துக்கொண்டு, கதவைச் சாத்தி, அலமாரியை நோயாளியாக்கி ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே போன சோற்றுத் தட்டு அப்படியே வெளியே வந்தது. தலையில் சீப்பு படவில்லை. கொஞ்சம் கண்ணயர்ந்தாலும் கனவில் அலமாரி தேம்பித் தேம்பி அழுதது.

கதவைத் திறந்தாள். அப்பா இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு நின்றார். பஸ் டிரைவர். பஸ் ஓடி மாதக்கணக்காகிறது.

"ஸ்டியரிங் பிடிக்காம கை என்னமோ பண்ணுது."

"நடுத்தர வயசுல வேலை நின்னா அப்படித்தான் இருக்கும். மூச்சை நல்லா இழுத்து, மெதுவா விடுங்க. கூடத்துல போய்ச் செய்யுங்க."

அப்பா போனார். வெளியே அம்மாவின் கிசுகிசுப்பு. "பேசினாளா?"

"ம். கொஞ்சம் பேசினா."

முதுகுக்குப் பின்னால் பேசும்போது மட்டும் இந்த வீட்டில் எல்லாருக்கும் குரல் இறங்கிவிடும் என்று பல்லைக் கடித்தாள். அடுத்த நொடி கூடத்திலிருந்து 'புஸ்ஸ்ஸ்' என்று ஒரு சத்தம். அப்பா மூச்சு விடுகிறார். முழு லோடு ஏற்றிய பஸ் பிரேக் போட்டதுபோல் இருந்தது.

"அப்பா, மெதுவா!"

"மெதுவாத்தான் விடுறேன். புஸ்ஸ்ஸ்!"

மறுபடி கதவு. இப்போது தாத்தா. அம்மாவைப் பெற்றவர். கோர்ட் வாசலில் நின்று வாதி, பிரதிவாதியைக் கூப்பிட்டே ஓய்வு பெற்றவர்.

"எனக்கு மனசு சரியில்ல தாயி."

"உங்களுக்கா? 'நோய் என்னைப் பாத்து ஓடணும்'னு நேத்து வரைக்கும் மீசையை முறுக்கினீங்களே?"

"அது நேத்து" என்றார் தாத்தா, சற்றே தடுமாறி.

விவாதிக்க நேரமில்லை. பயிற்சியில் முதியவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததை எடுத்து வீசினாள். "பழைய நாளையெல்லாம் நினைச்சுப் பாருங்க தாத்தா. மனசு லேசாயிடும்."

தாத்தா கூடத்துக்குப் போய் நினைத்துப் பார்த்தார். வாயால் நினைத்துப் பார்த்தார்.

"வாதி இருக்காராஆஆ? வாதி! வாதி! வாதி!"

"புஸ்ஸ்ஸ்!"

மணி மூன்றரை. அவள் நகத்தைக் கடித்தாள். கடிக்க நகமில்லாததால் ஹெட்போன் வயரைக் கடித்தாள். தம்பி தலையை நீட்டினான். பள்ளி இறுதி வகுப்பு. பரீட்சை ரத்தானதற்குக் கேக் கேட்டவன்.

"அக்கா, எனக்கு எதுலயும் பிடிப்பே இல்லக்கா."

"உனக்குமாடா?"

"அம்மா சொன்... இல்ல, எனக்கே தோணுச்சு."

வளரிளம் பருவத்தினருக்குப் பொறுப்பு கொடுக்க வேண்டும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். கொடுத்தாள். "கூடத்துல யாரும் சத்தம் போடாமப் பாத்துக்கிறது உன் பொறுப்பு. நீதான் இன்ஸ்பெக்டர்."

அவன் கண்கள் மின்னின. நேரே போய் விளையாட்டு வகுப்பு விசிலைத் தேடி எடுத்தான். அதன்பின் தாத்தா வாயைத் திறந்தால் விசில். அப்பா மூச்சு விட்டால் விசில். விசில் அடிக்காதே என்று அவர்கள் கத்தினால் நீளமாக விசில்.

கடைசியாக அம்மா வந்தாள். அவள் அழுது இந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை.

"எனக்கு அழுகை வர்ற மாதிரி இருக்கு. ஆனா வர மாட்டேங்குது."

"வந்தா அழுதுடும்மா! அடக்கக் கூடாது. ஆனா சத்தமில்லாம அழு."

"சத்தமில்லாம எப்படிடீ அழுறது?" என்று கேட்டுவிட்டு, அம்மா அக்கம்பக்கத்தில் எழவு விழுந்ததுபோல ஓவென்று ஆரம்பித்தாள். இடையிடையே முந்தானைக்குள்ளிருந்து மகள் முகத்தை ஓரக்கண்ணால் பார்த்தாள்.

அம்மாவைத் தள்ளாத குறையாக வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழுவதற்குள் போன் அடித்தது.

"வணக்கம். சொல்லுங்க" என்றாள், தேன் தடவிய குரலில்.

"அம்மா..." மேலாளர் நன்றாகவே நடித்தார். விசும்பினார். "வீட்டுல நான் மட்டும்தாம்மா. என்னோட பேச ஒரு ஜீவன் கிடையாது. சுத்தி ஒரே அமைதி."

"வாதி! வாதி!" "புஸ்ஸ்ஸ்!" விசில்.

"கொடுத்து வெச்சவருங்க நீங்க!"

வாயிலிருந்து விழுந்தது விழுந்ததுதான். எதிர்முனை திகைத்தது. "என்னம்மா சொன்னீங்க?"

"இல்லைங்க, உங்க கஷ்டம் எனக்கு நல்லா..."

கதவு தள்ளிக்கொண்டு திறந்தது. அம்மா ஒப்பாரியோடு, பின்னால் அப்பா, தாத்தா, இன்ஸ்பெக்டர். அவள் எழுந்த வேகத்தில் நாற்காலி கவிழ்ந்தது.

"எல்லாருக்கும் நான் மருந்து சொல்லணும், எனக்கு யார் சொல்றது? எனக்குத் தூக்கம் வரல! சோறு இறங்கல! இந்த வேலையும் போயிடுமோன்னு ராத்திரி பகலா நெஞ்சு அடிச்சுக்குது! அலமாரியோட பேசிக்கிட்டு இருக்கேன், அலமாரியோட!"

விசில் நின்றது. மூச்சு நின்றது. அம்மாவின் அழுகை, குழாயை மூடியதுபோல் நின்றது.

"பேசிட்டா!" என்று அம்மா கூவினாள். "என் பொண்ணு வாயைத் திறந்து சொல்லிட்டா!"

அப்போதுதான் போன் இன்னும் காதிலேயே இருப்பது அவளுக்கு உறைத்தது. மறுமுனையில் ஒரு வினோதமான சத்தம். மேலாளர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"சார், தெரியும் சார். நான் தேறல."

"வேலை உங்களுக்குத்தாம்மா. இத்தனை மாசத்துல நான் சிரிச்சதே இப்பத்தான். ரெண்டு நாள் நல்லாத் தூங்கிட்டு வந்து சேருங்க." கொஞ்சம் தயங்கினார். "பின்னாடி கூவுனது உங்க அம்மாவா?"

"ஆமா சார்."

"அதான், எங்கேயோ கேட்ட குரலா இருக்கேன்னு பாத்தேன். அவங்ககிட்ட சொல்லுங்கம்மா, 'பொண்ணு அலமாரியோட பேசுறா, பயமா இருக்கு'ன்னு காலையில நம்ம உதவி நம்பருக்கே கூப்பிட்டு அழுதப்போ, ஆளுக்கொரு குறையைச் சொல்லி அவளைப் பேச வைங்கன்னுதான் சொன்னேன், எல்லாரையும் இன்னைக்கே போகச் சொல்லல."